ஏழாவது கம்பம்

ஜூன் 8
அணை முகாம்

பெரிய சகலைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது கேட்டால் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன், நலம் விசாரிக்க அல்ல.

தகர ஷெட், இரும்புக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் முழுக்க அணையின் சிமெண்ட் சுவர். செல்போனில் ஒரு கோடு சிக்னல் கூட இல்லை. பவர்ஹவுஸில் ஒரே ஒரு போன் இருக்கிறது, தலைமை ஆபீஸுக்கு நேர் லைன், வெளியே பேச அவர்கள்தான் இணைக்க வேண்டும். அதுவும் ஷிஃப்ட் அதிகாரியின் முழங்கைக்குப் பக்கத்தில். "வீட்டுக்கா? பேசுங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் வேலையை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள். அதனால் இனிக் கடிதம்தான். வியாழக்கிழமை சாமான் கொண்டு மேலே வரும் ஜீப் மறுநாள் இறங்குகிறது, அதில் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுகிற ஆளை இங்கே 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு லேட்டாக வந்தாலும் "நடுவுல பஞ்சர் ஆயிடுச்சு" என்பாராம். அவர் மனைவிதான் எங்கள் மெஸ்ஸில் சமைக்கிற அக்கா. "டயர்ல காத்து இருக்கோ இல்லியோ, இவர் வாயில இருக்கு" என்று அந்த அம்மா தட்டு வைக்கும்போதே சொல்லிவிட்டார்.

மேனேஜர் கையில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று உங்களுடையது, ஒன்று என்னுடையது. "சின்னவன் போகட்டும், ஏணி ஏறத் தெரிஞ்சவன்" என்று நீங்கள் சொன்னீர்களாம். என் பெண்டாட்டி நிறைமாதக் கர்ப்பிணி என்பது உங்களுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை போல. இப்போது அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் அக்கா பார்த்துக்கொள்வாள், தெரியும். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை விஷயம். அணைக்குக் கீழே ஆற்றோரமாக ஏழு கம்பம். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு போர்டு, உச்சியில் ஒரு சங்கு. ஷட்டர் திறக்குமுன் பவர்ஹவுஸில் பட்டனை அமுக்கினால் ஏழும் ஊத வேண்டும். முதல் நாலில் பழைய பிராசசர். ஐந்து, ஆறில் புதுசு. ஏழாவது தரைப்பாலத்தின் முகப்பில் இருக்கிறது. ஆட்கள் ஆற்றைக் கடப்பதே அதில்தான். அங்கேதான் இடி விழுந்து போர்டு கருகிப்போனது. மாற்றுவதற்கு நான் கொண்டுவந்திருக்கும் போர்டில் பிராசசர் ஐந்து, ஆறில் இருப்பதேதான், எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் போர்டு வேறு எவனோ செய்தது மாதிரி இருக்கிறது. கனெக்டர் இடம் மாறியிருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, அது மற்றதில் கிடையாது. இதற்கு ஐந்தாம் கம்பத்து கெர்னலையே போடலாமா, புதிதாகப் பில்டு செய்து தருவீர்களா? மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

சின்ன சகலை

ஜூன் 15

தம்பிக்கு,

உன் மனைவி நலம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மாடிப்படி ஏறவிடுவதில்லை. கூடத்திலேயே கட்டில் போட்டிருக்கிறோம். நன்றி சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை.

நீ அங்கே போனது என்னால் இல்லை. எனக்கு முதுகு என்ன நிலையில் இருக்கிறது என்று உனக்கே தெரியும். கம்பம் ஏறி இறங்குகிற வயசா எனக்கு? யாராவது ஒருவர் போக வேண்டும், நீ போனாய். அதற்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாயே, என் மனைவி, அதான் மூத்தவள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

போர்டு விஷயம். மாமனார் ஒருமுறை "ரெண்டு மாப்பிள்ளையும் அப்படி என்னதான்பா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "மாமா, மெஷினுக்கும் புரோகிராமுக்கும் நடுவுல நிக்கிற ஆள்தான் கெர்னல். மெஷினுக்கு மெஷின் அந்த ஆளைப் பழக்கி அனுப்புறதுதான் எங்க வேலை" என்றேன். நீ உடனே, "இவர் பழக்குவார், நான் ஏணி ஏறுவேன்" என்று சிரித்தாய். அந்த ஏற்பாடே இப்போதும் இருக்கட்டும். கெர்னல் கட்டும்போது கான்ஃபிக் திரையில் எத்தனை நூறு கேள்வி வரும், எதற்கு ஆம், எதற்கு இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிராசசர் ஒன்றென்றால் கெர்னல் ஒன்றுதான். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு என்று கொலு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. ஐந்தாம் கம்பத்து கெர்னலையே மெமரி கார்டில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போடு.

இன்னொன்று. சங்கை ஊதிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. போன வருஷம் அப்படி ஊதிப் பார்த்தபோது கீழே ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது, ஒருத்தருக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து உத்தரவு இதுதான். சங்கின் கரண்டை நிறுத்திவிட்டுச் சோதனை போடு. கம்ப்யூட்டர் பதிவு லாகில் 'ஊதியது' என்று வந்தால் ஊதியது என்று அர்த்தம்.

பெரிய சகலை

ஜூன் 22

பெரிய சகலைக்கு,

கார்டைப் போட்டாகிவிட்டது. கெர்னல் ஏறியது. உத்தரவுப்படி சங்கின் கரண்டை நிறுத்திவிட்டுச் சோதனை போட்டேன். லாகில் 'ஏழாவது கம்பம்: ஊதியது' என்று வந்தது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. சோதனை முடிந்ததும் அணைந்தது. மற்ற ஆறிலும் இப்படி ஒன்றும் எரிவதில்லை. நான் கொலு வைப்பவன் அல்லவா, அதனால் கண்ணில் பட்டது. பெரியவர் போடச் சொன்னீர்கள், போட்டுவிட்டேன். சோதனை முடிந்து சங்கின் கரண்டைத் திரும்பக் கொடுத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

பஞ்சர் அண்ணன் போன வாரம் என்னை ஜீப்பில் தரைப்பாலம் வரை கூட்டிப்போனார். உங்கள் கூட இருக்கும்போது சிரித்ததை விட இரண்டு மணி நேரத்தில் அதிகம் சிரித்தேன். "சார், நீங்க உங்க சகலையோட சண்டை போட்டுட்டு வந்தீங்களாமே? நான் என் சகலையோட பேசி ஒன்பது வருஷம். ரொம்ப நிம்மதி" என்றார்.

அவளுக்கு வலி கண்டால் உடனே சொல்லியனுப்புங்கள். இதை மட்டும் கேட்கிறேன்.

சின்ன சகலை

ஜூன் 27, திங்கள்

தம்பி,

முதலில் நல்ல செய்தி. நேற்று சாயங்காலம் உனக்கு மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். குரல் கணீரென்று இருக்கிறது, உன் வழி. பவர்ஹவுஸ் போனில் சொல்லலாம் என்றிருந்தேன். கார்டைக் கொடுக்க பஞ்சரைக் கூப்பிட்டபோது அவனிடம் சொன்னதும் குதித்தான். "போன்ல சொல்லிக் கெடுத்துடாதீங்க சார். நான் நேர்ல போய்ச் சொல்றேன். அவர் மூஞ்சியப் பாக்கணும்" என்றான். அவன் வாயால் கேட்டிருப்பாய்.

இப்போது கெட்டது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பச்சை விளக்கு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, முதலில் கோபப்பட்டேன். பிறகு ஏதோ உறுத்தியது. இன்று காலை அந்தப் போர்டு செய்தவர்களின் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பிராசசர் ஒன்றுதான். ஆனால் அதன் பின்களை, அந்தச் சின்னக் கால்களை, போர்டில் வேறு மாதிரி இழுத்திருக்கிறார்கள். ஐந்து, ஆறில் சங்குக்குப் போவது பதினான்காவது பின். உன் போர்டில் பதினான்கு அந்தப் பச்சை விளக்குக்குப் போகிறது. சங்கு ஒன்பதில் இருக்கிறது.

வாடகை வீடு மாறினபோது மூத்தவள் ஒரு மாதம் ஃபேன் என்று நினைத்து லைட்டைப் போட்டுக்கொண்டிருந்தாளே, அதே கதைதான். ஸ்விட்ச் அதே இடத்தில்தான் இருந்தது, உள்ளே வயர் மாறியிருந்தது. கெர்னல் சொன்னபடி பதினான்குக்குக் கரண்ட் கொடுத்தது, கொடுத்ததும் லாகில் 'ஊதியது' என்று எழுதிவிட்டது. அதற்குக் காது கிடையாது.

ஆக, ஏழாவது ஊதாது. நீ கேட்டபோதே நான் பார்த்திருக்க வேண்டும். சரி, நீ சொன்னதுதான் சரி. திருப்தியா?

இந்தப் போர்டுக்கென்று தனியாகக் கான்ஃபிக் போட்டு, பின் விவரத்தைத் திருத்தி, புதுக் கெர்னல் பில்டு செய்து கார்டில் வைத்திருக்கிறேன். வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்பு, கொஞ்சம் விரட்டிப் போ என்று பஞ்சரிடம் சொல்லியிருக்கிறேன். மழை வருகிறது என்பதால் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருக்கிறேன். கையில் கிடைத்ததும் போய்ப் போட்டுவிடு.

பவர்ஹவுஸுக்குப் போன் செய்து சொல்லலாம்தான். ஆனால் அது பத்துப் பேர் காதில் விழும், மேனேஜர் வரைக்கும் போகும். இன்று மாலைக்குள் கார்டு உன் கையில் இருக்கும்போது எதற்கு வீண் களேபரம்? நமக்குள் முடித்துக்கொள்வோம்.

பெயர் என்ன வைக்கலாம் என்று யோசித்து எழுது.

அண்ணன்

ஜூலை 6

அண்ணா,

உங்கள் உறையைப் போலீஸ்காரர் ஒருவர் என் கையில் கொடுத்தார். அதைப் பிரித்துத்தான் எனக்கு மகள் பிறந்தது தெரியும். உறையின் வெளிப்புறம் முழுக்க மண். உள்ளே காகிதம் நனையவில்லை. கார்டும் நனையவில்லை. நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை மேலே நல்ல மழை. மதியத்துக்கு மேல் ஷட்டர் திறக்க முடிவு செய்து பட்டனை அமுக்கினார்கள். நான் ஷெட்டில் இருந்தேன். முதல் ஐந்து கேட்டது. ஆறாவது மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், லேசாகக் கேட்டது. ஏழாவது இங்கே எப்போதுமே கேட்காது, அவ்வளவு தூரம். என் லேப்டாப் திரையில் லாகைப் பார்த்தேன். ஏழாவது கம்பம்: ஊதியது. திருப்தியாகத் தேநீர் குடித்தேன்.

ஜீப் தரைப்பாலத்துக்கு நடுவில் இருந்தபோது தண்ணீர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஜீப் வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஜீப் அல்லவா அது. வண்டி பாறையில் சிக்கிக் கிடந்தது. அவரை மறுநாள் இன்னும் கீழே எடுத்தார்கள். உங்கள் உறை டாஷ்போர்டு அறையில் இருந்தது. உங்கள் கார்டைத்தான் அவர் கொண்டுவந்துகொண்டிருந்தார் அண்ணா. அது இருந்திருந்தால் ஊதியிருக்கும் சங்குக்குக் கீழேதான் கடந்தார்.

ஒரு போன். "ஏழாவத நம்பாதீங்க, தரைப்பாலத்துல ஆளை நிறுத்துங்க" என்று ஒரே ஒரு போன் செய்திருக்கலாம் நீங்கள். நமக்குள் முடித்துக்கொள்வோமாம்.

மெஸ் கதவில் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். 'சங்கு ஒலித்த பின்னும் ஓட்டுநர் அலட்சியமாகத் தரைப்பாலத்தைக் கடக்க முயன்றதால்' என்று ஆரம்பிக்கிறது. லாகை அச்சடித்துப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கதவைத் திறந்துதான் அந்த அக்கா தினமும் சமைக்கப் போகிறார். ஆறாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். "வீட்ல உக்காந்தா செவுரு செவுரா பாத்துக்கிட்டு இருக்கணும்" என்கிறார். எனக்குச் சோறு போட்டார். தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் விசாரணைக்குழு வருகிறதாம். சங்கை ஊதவைத்துப் பார்ப்பார்களாம். நான் என்ன செய்ய? சொல்லுங்கள்.

குழந்தையைப் பற்றி எழுத வேண்டும். இந்தக் காகிதத்தில் எழுத மனசு வரவில்லை.

ஜூலை 13

தம்பி,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ப் படித்தேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. நான் கல் இல்லை. எனக்கும் தூக்கம் இல்லை. ஆனால் யாராவது ஒருத்தர் நிதானமாக யோசிக்க வேண்டும். கேள். கார்டு உன் கையில் இருக்கிறது. உடனே போய் ஏழாவதில் போடு. இதை எனக்காகச் சொல்லவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஷட்டர் திரும்பத் திரும்பத் திறப்பார்கள். அந்தத் தரைப்பாலத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள்! கையில் மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தால் அது பாவம் இல்லையா?

குழு வரும், சோதிக்கும், சங்கு ஊதும், போய்விடும். போனவன் எதைச் சொன்னாலும் வரப்போவதில்லை. இருக்கிறவர்களைப் பார். உண்மை வெளியே வந்தால் கெர்னல் கட்டியவன் நான், பெட்டியைப் பூட்டியவன் நீ. இரண்டு பேர் வேலையும் ஒரே நாளில் போகும். வேலையோடு நின்றால் பரவாயில்லை, வழக்கென்று வந்தால்? இந்த வீட்டில் இப்போது இரண்டு குடும்பம் இருக்கிறது. அக்கா தங்கை இருவரும் ஒரு தொட்டிலை மாறி மாறி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் நினை.

உன் மகள் சிரிக்கிறாள். தூக்கத்தில்தான், ஆனாலும் சிரிக்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அவளைத் தூக்கினால் கீழே வைக்க மனசு வருவதில்லை.

கார்டைப் போட்டுவிடு.

அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

போடவில்லை.

நீங்கள் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதிதான் என்னை ஒரு வாரம் பாடாய்ப் படுத்தியது. கார்டைப் போட்டால் நாளைக்குக் கடக்கிறவன் பிழைப்பான். ஆனால் குழு வந்து பட்டனை அமுக்கினால் சங்கு ஜோராக ஊதும். "பாருங்கள், நன்றாகத்தானே ஊதுகிறது" என்று எழுதிக்கொண்டு போவார்கள். பஞ்சர் அண்ணன் சங்கு ஊதியும் திமிரில் கடந்தவர் என்று முடிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னையே சோறு வடிக்கச் சொல்கிறீர்கள்.

பவர்ஹவுஸில் சொல்லித் தொலைத்துவிடலாமா என்று வாசல்வரை போனேன். சொன்ன அன்றே ஷிஃப்ட் அதிகாரி நின்று கார்டைப் போட வைத்துவிட்டு, பழைய லாகைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். கம்பெனி ஆள்தானே அவரும். குழு கண்ணால் பார்க்கும் வரைக்கும் அது அப்படியே இருக்க வேண்டும்.

அதனால் நானே சங்காகிவிட்டேன். "ஏழாவதுல வேலை நடக்குது, திறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால எனக்குச் சொல்லுங்க, நான் சொல்லாம திறக்காதீங்க" என்று சொல்லி ஒரு வாக்கிடாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். சொன்னதும் சைக்கிளில் போய்த் தரைப்பாலத்தில் குறுக்கே கயிறு கட்டி, சிவப்புத் துணியும் விசிலுமாக நிற்கிறேன். இக்கரையிலும் அக்கரையிலும் ஒரு ஆள் இல்லை என்று பார்த்த பிறகுதான் சரி என்கிறேன். தண்ணீர் வடியும் வரை அங்கேயேதான். பால்காரர் "என்ன சார், டிராபிக் போலீசா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதுவரை நாலு தடவை நின்றிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பயமாக இருக்கிறது. அன்றைக்குக் கார்டைப் போட்டுவிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பலி கொடுத்துச் சாட்சி வைக்க என்னால் முடியாது.

நேற்று அந்த அக்கா எனக்குச் சாப்பாட்டைத் தரைப்பாலத்துக்கே தூக்குவாளியில் கொண்டுவந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, இந்தச் சங்கு அவ்ளோ நேரம் ஊதியிருக்கு. அந்த மனுசனுக்கு என்ன அவசரம்? ரெண்டு நிமிசம் நிக்கக் கூடாதா? பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கான்னு நெனச்சிருந்தா நின்னிருப்பாரு. என்னைய மதிச்சதே இல்ல" என்றார். அழவில்லை. திட்டினார். செத்துப்போனவரைத் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறார் அண்ணா, நீங்களும் நானும் கொடுத்த பொய்யை நம்பி.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாளியைத் திறந்து சாப்பிட்டேன். அதுதான் என் லட்சணம்.

நீங்கள் எழுதுங்கள். கெர்னலில் பின் தப்பு, லாக் பொய் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் ஏணி ஏறுகிறவன், நான் சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். கெர்னல் கட்டியவர் சொன்னால்தான் எடுபடும்.

ஜூலை 27

தம்பி,

மூத்தவள் உன் கடிதங்களைப் படித்துவிட்டாள். துவைக்கப் போட்ட சட்டையில் மறந்துவிட்டேன். தட்டை வைக்கிறாள், போகிறாள். குழந்தையை என் கையில் தருவதில்லை. "கை கழுவிட்டு வர்றேன்" என்றேன். "அது கழுவினா போற கையா?" என்றாள்.

மூன்று முறை தாளை எடுத்து உட்கார்ந்தேன். தேதி போடுகிறேன், மேனேஜர் அவர்களுக்கு என்று எழுதுகிறேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம். 'அவரைக் கேளுங்க, அவர் கான்ஃபிக் போட்டா தப்பாது' என்று பேர் வாங்கிய ஆள் நான். அந்தப் பேரை நானே அறுக்க வேண்டும் என்கிறாய். என்னால் முடியாது. திட்டு. கோழை என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை உறையைக் கொடுத்துவிட்டு, "விரட்டிப் போ, ஆனா தரைப்பாலத்துல பாத்துப் போ" என்றேன். எனக்குத் தெரிந்தே சொன்னேன் தம்பி. அங்கே ஊதாது என்று தெரியும், அதைச் சொல்லாமல் பாத்துப் போ என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். "அங்க வந்தா ரேடியோவ நிறுத்திடுவேன் சார். கண்ணாடியையும் எறக்கிவிட்டு, ஒரு நிமிசம் நின்னு கேட்டுட்டுத்தான் எறங்குவேன். வீட்ல சத்தியம் வாங்கியிருக்கா" என்றான்.

நின்று கேட்டிருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கியிருக்கிறான்.

நானாக எழுத மாட்டேன். நீ சொன்னால் மறுக்க மாட்டேன். என்னால் ஆனது இவ்வளவுதான்.

அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணா,

குழு வந்துபோனது. உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். கம்பெனியிலிருந்து மேனேஜரும் வந்திருந்தார். ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, தரைப்பாலத்தில் எல்லோரும் நின்றுகொண்டு வாக்கிடாக்கியில் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அந்த அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள், உறவுக்காரர் என்று. ஆறாவது வெகுதூரம் மேலே, அது ஊதினால் தரைப்பாலம் வரை வந்து சேர்வதில்லை. அங்கே ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. குழுத் தலைவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாக்கிடாக்கியில் ஷிஃப்ட் அதிகாரி, "ஏழும் ஊதிடுச்சு சார், லாக்ல வந்துடுச்சு" என்றார்.

நான் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்டு எழுதியது, நீங்கள் போடச் சொன்னது, சந்தேகம் இருந்தும் உங்கள் மேல் இருந்த கடுப்பில் நான் பேசாமல் பூட்டியது, கார்டு வந்த வழி, எல்லாம். மேனேஜர், "அனுபவமில்லாதவர், ஏதோ சமாளிக்கிறார்" என்று ஆரம்பித்தார். நான் நினைத்தபடியேதான். அப்புறம் எல்லோரும் பவர்ஹவுஸுக்கு வந்து அந்தப் போனில் உங்களைக் கூப்பிட்டார்கள், ஸ்பீக்கரில் போட்டு. நீங்கள் லீவு என்று ஆபீஸில் வீட்டுக்கே இணைத்தார்கள். உங்கள் கெர்னலில் பின் தப்பா, அது விபத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். குழந்தை அழுகிற சத்தம் மட்டும் வந்தது. என் மகள் குரலை நான் முதல்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

பிறகு "ஆமா" என்றீர்கள்.

அந்தப் போன் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தோம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் இதற்குள் தாள் வந்திருக்கும். வழக்குப் போடுவார்கள், கூப்பிடுவார்கள், இரண்டு பேரும் போய் நிற்போம். இனிமேல் உங்கள் மேல் கோபப்படக் கூட எனக்கு வக்கில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கேதான் என் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிறார்கள். வருகிறேன். பேசுவோமா என்று தெரியவில்லை.

குழு சொன்னபடி, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு, உங்கள் கார்டை நான்தான் ஏழாவதில் போட்டேன். தலைவர் மறுபடி அமுக்கச் சொன்னார். பெட்டிக்குள் பச்சை விளக்கு எரியவில்லை. சங்கு ஊதியது. அண்ணா, நாம் இத்தனை வருஷம் சங்குக்குக் கெர்னல் கட்டுகிறோம், ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோமா? நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தண்ணீரில் நின்ற பறவையெல்லாம் எழும்பியது. அக்கரையில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடியது.

அந்த அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். ஊதி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். ரேடியோவை நிறுத்தியதையும், கண்ணாடியை இறக்கி நின்று கேட்டதையும், வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று அவர் சிரித்ததையும் உங்கள் கடிதத்தில் இருந்தபடியே சொன்னேன்.

"அப்போ நின்னாரா?" என்றார்.

"நின்னாருக்கா."

"நின்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

அங்கேயே பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் போனதிலிருந்து நேற்றுதான் அழுதார். "அய்யோ, உன்னையப் போய் ஏசிட்டேனே, தினமும் ஏசிட்டேனே" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதார். யாரும் பக்கத்தில் போகவில்லை. மேனேஜர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி